ஏழாவது குழியின் குட்டை

அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். என் மனைவி சந்திரலேகா. அவள் தம்பி ராஜவேல், கடலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். எங்கள் மகள் ஸ்ரீமதி, சிதம்பரத்தில் பிசியோதெரபி பார்ப்பவள். மைதானத்தைப் பராமரிக்கும் ஆரோக்கியம்மாள். பிறகு உத்திராபதியாகிய நான். கிளப் செயலாளர் சபாபதி அங்கே இல்லை. அவர் பண்ருட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைப் பற்றி இன்று அதிகம் பேசுகிறவர் அவர்தான் என்பதால் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

சிப்காட்டில் நான் வேலை பார்த்த சாயத் தொழிற்சாலைக்கு, குடிகாட்டைத் தாண்டி ஒரு குடியிருப்பு இருந்தது. தொழிற்சாலை கை மாறிவிட்டது. குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் அதை ஒட்டிய ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் இன்னும் நடக்கிறது. படத்தில் பார்க்கிற பச்சைக் கம்பளம் எங்களிடம் இல்லை. குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, உருளையால் சமப்படுத்தியிருப்போம். அந்த வட்டத்துக்குப் பெயர் பிரவுன். ஆடு மேயும். மயில் வரும். ஏழாவது குழிக்கு முன்னால் ஒரு குட்டை. அடிக்கும் மேடை இந்தக் கரையில், பிரவுன் அந்தக் கரையில். நடுவில் தண்ணீர். சுற்றிப்போக வழி கிடையாது. பந்தைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும்.

எங்கள் குடும்பம் சிதம்பரம் பக்கத்தில் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். எங்கள் வீட்டுப் பெண்கள் விளையாட்டு மைதானத்தில் இறங்கியதில்லை. சந்திரலேகா இறங்கியதற்கு நான் அனுமதி கொடுத்ததாக உறவில் சொல்வார்கள். அது சரியல்ல. அவள் என்னைக் கேட்கவே இல்லை. மற்ற அதிகாரிகளின் மனைவிகள் கிளப்பில் தம்போலா ஆடிக்கொண்டிருந்த ஒரு மாலையில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என் பையிலிருந்து ஒரு மட்டையை உருவிக்கொண்டு போனாள். அடுத்த வருஷமே ஏழாவது குழியின் குட்டையைத் தாண்டினாள். அதற்குப் பிறகு அவள் பந்து அந்தத் தண்ணீரில் விழுந்ததை நான் பார்த்தது அபூர்வம்.

போன வருஷம் அவளுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. என்ன அறுவை என்பது எங்கள் குடும்ப விஷயம். அதற்குப் பிறகு இடது தோள் முன்போல உயர்வதில்லை என்பது மட்டும் இங்கே போதும். ஸ்ரீமதி தினமும் வந்து பயிற்சி கொடுத்தாள். ஆரம்பத்திலேயே அம்மாவிடம், "என்ன செய்ய முடிஞ்சா உனக்குச் சரியாயிடுச்சுன்னு தோணும்?" என்று கேட்டாள். அவளிடம் வருகிறவர்கள் தலை பின்னிக்கொள்ள வேண்டும் என்பார்களாம்; துணி உலர்த்த வேண்டும் என்பார்களாம்.

"ஏழாவது குட்டையத் தாண்டணும்," என்றாள் சந்திரலேகா.

"அம்மா, நான் நெஜமா கேக்கறேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். அதத் தாண்டிட்டா நான் திரும்பி வந்துட்டேன்னு அர்த்தம்."

நான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன செய்தி இருந்தது என்று கேட்டால் இப்போது என்னால் சொல்ல முடியாது.

இந்தக் கோடையில் குட்டை வற்றியது. பல வருஷமாகத் தூர் வாரவில்லை என்பதால், கிளப்பில் ஒரு பொக்லைன் வைத்து வாரினார்கள். சேற்றை அள்ளினார்கள். கரைகள் சரிந்திருந்ததால் இரண்டு பக்கமும் கரைக்குள்ளே வெட்டி, நிமிர்த்திக் கட்டினார்கள். அந்தச் சேற்றிலிருந்து பந்துகள் வந்தன. ஆரோக்கியம்மாள் அவற்றைக் கழுவி, சிமெண்ட் சாக்கில் போட்டு எனக்கு ஃபோன் செய்தாள்.

"அய்யா, எல்லாம் நீங்க போட்டதுதான். வந்து அள்ளிக்கினு போங்க."

"எல்லாம் என்னுது இல்லம்மா."

"பாதியாவது இருக்கும் அய்யா. நான் எத்தினி வருஷமா பாத்துக்கினு இருக்கேன்."

சாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினேன். நான் ரசாயனம் படித்தவன். எனக்கு அது பந்துக் குவியலாகத் தெரியவில்லை; எந்தக் காலத்தில் எதனால் செய்தது என்ற வரிசையாகத் தெரிந்தது. மேலே கிடந்தவை வெள்ளையாக இருந்தன. அடிச்சேற்றில் கிடந்தவை வெல்லக் கட்டி நிறத்துக்குப் போயிருந்தன. சந்திரலேகா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "இதுல என்ன வித்தியாசம், சொல்லுங்க," என்றாள். சும்மா இருக்கிற நேரம் அவளுக்கு அப்போது நிறைய இருந்தது.

நான் சொன்னேன். ஒரு காலத்தில் தோல் பைக்குள் இறகை அடைத்துத் தைத்த பந்துதான் இருந்தது. நனைந்தால் தீர்ந்தது. பிறகு மலேயாப் பக்கத்து மரம் ஒன்றின் பாலை உருட்டிப் பந்து செய்தார்கள். அந்தப் பந்து புதிதாக வழவழப்பாக இருந்தபோது சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டுக் கீறல் விழுந்த பிறகுதான் நன்றாகப் பறந்தது. அதைப் பார்த்துத்தான் வேண்டுமென்றே கீறல் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பந்து முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருப்பது அந்தக் கீறலின் வம்சம்.

"அடி பட்டாத்தான் பறக்குதுன்னு சொல்லுங்க," என்றாள்.

நான் அடுத்த பந்தை எடுத்தேன். அது நான் ஆட ஆரம்பித்த காலத்துப் பந்து. உள்ளே ரப்பர் நூலை இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே மெல்லிய ரப்பர்த் தோல் போட்டிருப்பார்கள். மட்டையின் விளிம்பு பட்டால் பிளந்துவிடும். இப்போது நூல் கிடையாது. நடுவில் ஒரே ரப்பர் உருண்டை, அதன் மேல் ஒன்றிரண்டு உறைகள். பிளக்காது. தூரம் போகும்.

காட்டுவதற்காகப் பழைய பந்துகளை ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுத்தேன். சேற்றில் ஊறியவற்றில் பெரும்பாலும் நூல் செத்துப்போயிருந்தது, தொட்டால் உதிர்ந்தது. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. தோல் பிளந்ததும் உள்ளே இருந்த நூல்கள் ஒவ்வொன்றாக அறுபட்டுத் துடிக்க, பந்து என் கையிலிருந்து நழுவித் தரையில் நெளிந்து, சோபாவுக்கு அடியில் ஓடியது. நான் அதைப் பிடிக்கக் குனிந்தேன். அது வேறு பக்கம் வெளியே வந்து என் வேட்டி நுனியில் சுற்றிக்கொண்டது. சந்திரலேகா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. இன்னொரு பந்தையும் அறுத்துப் பார்த்தேன். அது செத்த பந்து.

"பந்துதான் மாறிக்கினே வந்திருக்கு. குட்டை அப்படியேதான் இருக்கு," என்றாள் சிரிப்பு அடங்கியதும்.

ஆடிப் பெருக்கு அன்று ராஜவேல் வந்தான். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், ஒரு புடவை. புடவைக்கு மேலே ஒரு சின்ன அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் கோல்ஃப் பந்துகள். எல்லாம் பளிச்சென்ற மஞ்சள் நிறம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்தின்போது நான் பெண் வீட்டில் ஒரு துரும்பும் வாங்க மாட்டேன் என்று சபையில் சொன்னவன். என் அப்பா சொல்லச் சொன்னார், நான் சொன்னேன், அதன்படி இருந்தேன். பொங்கல் சீர், ஆடிச் சீர் எதுவும் எங்கள் வீட்டுப் படி ஏறித் தங்கியதில்லை. ராஜவேலும் விடுகிறவன் அல்ல. ஒவ்வொரு வருஷமும் கொண்டுவருவான், சாப்பிடுவான், தட்டோடு எடுத்துக்கொண்டு போவான். அதுவே ஒரு சடங்காகிவிட்டது.

"புடவைய விடுங்க மாமா. அத நான் வீட்டுல குடுத்துடறேன். இந்தப் பந்த மட்டுமாவது அக்காகிட்ட குடுங்க. இது மெதுப்பந்து. அக்கா இப்ப மெதுவாத்தானே மட்டைய வீசும்? அதுக்கு ஏத்தது இதுதான்."

"மஞ்சள் பந்தா? கல்யாண வீட்டுல ஆரத்தி சுத்தவா?"

"கலர்ல என்னா மாமா இருக்கு? தண்ணியில வுழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்."

"எங்க வீட்டுப் பொம்பள தண்ணியில விழுற பந்த எடுத்துக்கினு போறதில்ல."

சந்திரலேகா அடுக்களை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். அவன் தட்டோடு போனான். போகும்போது பந்துப் பெட்டியை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டதைக் கவனித்தேன்.

மறுநாளே சென்னைக்கு ஃபோன் செய்து, உலகத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கிற பந்து எதுவோ அதை வரவழைத்தேன். வெள்ளை வெளேர் என்று மூன்று பந்துகள், கறுப்புப் பெட்டியில். பூஜை அலமாரியில் வைத்துச் சந்தனம் தொட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கா வாங்கினீங்க?" என்றாள். பிறகு யாருக்கு வாங்குவேன்?

புரட்டாசி முழுவதும் பழைய பந்துகளை வைத்து வீட்டுக் கொல்லையில் மட்டையை மெல்ல வீசிப் பழகினாள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தை வரை மைதானத்தில் கால் வைக்க முடியாது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போவதென்று அவளே முடிவு செய்தாள். சிதம்பரம் வீட்டிலிருந்து கிளம்பி, காரில் ஆலப்பாக்கம் தாண்டும்போது, கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"மூணு பந்து இருக்கு. மூணும் போச்சுன்னா என் மட்டைய யாருக்காச்சும் குடுத்துடுங்க. கிளப்புக்கு இனிமே வரல. வந்து உக்காந்து பாத்துக்கினு இருக்க என்னால முடியாது."

ஸ்ரீமதி, "என்னம்மா இப்படி," என்று ஆரம்பித்தாள். நான் அவளைக் கையமர்த்தினேன். சந்திரலேகா ஒன்றைச் சொன்னால் அது சொன்னதுதான். அந்த விஷயத்தில் அவளும் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவளாகிவிட்டாள்.

நேராக ஏழாவது குழிக்கே போனோம். ராஜவேல் அங்கே முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். ஆரோக்கியம்மாள் அக்கரையில் பிரவுனைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். குட்டையில் புரட்டாசி மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. அந்தக் குழி கிழக்கே, கடலைப் பார்த்து இருக்கிறது. தேவனாம்பட்டினம் பக்கம் வானம் மூடியிருந்தது. காற்று இன்னும் எழவில்லை.

முதல் பந்து. மட்டை பட்டதும் கல்லில் கல் மோதியது போல ஒரு சத்தம். பந்து நேராகத்தான் போனது. அக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது. வட்டம் விரிந்து அடங்கியது.

"நல்லா நேரா போச்சுக்கா," என்றான் ராஜவேல்.

"நேரா போயித்தான் முழுகிச்சி," என்றாள்.

இரண்டாவது பந்து இன்னும் குறைவாகப் போனது. பாதித் தண்ணீரைக்கூடத் தாண்டவில்லை. அடித்து முடிந்ததும் அவள் மட்டையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையைப் புடவைக்குள் மறைத்தாள். என் பக்கம் திரும்பி, "நல்ல பந்துங்க. நான்தான் சரியா அடிக்கல," என்றாள்.

அப்படி அவள் பேசுகிறவள் அல்ல. பந்து தவறினால் மட்டையைத் திட்டுவாள், காற்றைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள். நான் ஸ்ரீமதியைப் பார்த்தேன். அவள் என்னருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, பந்து கல்லு மாதிரி இருக்கு. ஒவ்வொரு அடியும் கை வழியா தோளுக்கு ஏறுது. முதல் அடியில வலிச்சிச்சு. ரெண்டாவதுல வலிக்குமேன்னு பயந்து, பந்து மேல படும்போதே கைய இழுத்துக்கினாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்தே இந்தப் பந்துல ஒண்ண கொல்லையில அடிச்சுப் பாத்தாங்க. சொல்லாதன்னு சொன்னாங்க. நீங்க ஆசையா வாங்கினதாம்."

கடல் காற்று அப்போதுதான் கிளம்பியது. எங்கள் முகத்தில் நேராக அடித்தது. குட்டையின் மேல் சிறு சிறு மடிப்புகள் எங்களை நோக்கி வந்தன. சந்திரலேகா மூன்றாவது பந்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வேப்பமரத்தடிக்குப் போனேன்.

"ராஜவேல், அந்தப் பந்த வச்சிருக்கியா?"

"எந்தப் பந்து மாமா?"

"மஞ்சள் பந்து."

"தட்டோட திருப்பி அனுப்பினீங்களே, அதுவா?"

"இருக்கா, இல்லியா?"

"இருக்கு. ஆனா அது சீர் பந்தாச்சே. உங்களுக்கு ஆவாதே."

"சீர் இல்ல, இரவல். ஆட்டத்துல யார்கிட்ட வேணாலும் பந்து வாங்கிக்கலாம். விதியிலயே இருக்கு."

"இரவல்னா திருப்பித் தரணும் மாமா."

"தண்ணியில விழலைன்னா தரேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்தான். வழக்கமாகக் கொடுப்பதுபோல ஒரு கையால் நீட்டவில்லை. இரண்டு கையாலும் நீட்டினான். நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன். என் பின்னாலேயே வந்திருந்த என் மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சந்திரலேகாவிடம் போய் அவள் கையிலிருந்த வெள்ளைப் பந்தை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். மஞ்சள் பந்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் பந்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"இத அடிச்சா உங்களுக்கு ஒண்ணுமில்லியே?"

"காத்து ஜாஸ்தியாவுது. அடி."

குனிந்து பந்தை வைத்தாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். மட்டை பின்னால் போனபோது இடது தோள் பாதி உயரத்தில் நின்றது. மீதியை இடுப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். பந்தில் பட்ட சத்தம் வேறாக இருந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல, கனமாக, அமுங்கி. கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை வீசி முடித்தாள்.

மஞ்சள் பந்து காற்றில் ஏறியது. காற்று அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. இருண்ட வானத்தில் அது தெளிவாகத் தெரிந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அக்கரையின் விளிம்பில், புதிதாகக் கட்டிய மண்ணின் மேல் விழுந்து, ஒரு முறை எகிறி, உருண்டு போய்ப் பிரவுனின் ஓரத்தில் நின்றது.

ஆரோக்கியம்மாள் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டு, பந்தின் பக்கத்தில் போய் அதற்குக் காவல் நிற்பதுபோல நின்றுகொண்டாள்.

"அம்மா, தாண்டிட்டீங்க," என்று அங்கிருந்து சத்தமாகச் சொன்னாள். "அய்யா, பாத்துக்குங்க. இங்கதான் கெடக்கு."

சந்திரலேகா தலைப்பை உருவி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "வந்துட்டேன்," என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

கரையோரமாக அக்கரைக்கு நடந்தோம். நடக்கும்போது நான் எப்போதும் முன்னால் போவது வழக்கம். அன்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பாதை வழுக்கியது, பின்னால் ஆள் இருப்பது நல்லது.

"மாமா, இரவல்," என்றான் ராஜவேல், பந்தின் அருகே போனதும்.

சந்திரலேகா பந்தைக் குழியில் தள்ளி முடித்து, குனிந்து எடுத்துப் புடவையில் துடைத்தாள். "என் தம்பி எனக்குக் குடுத்தது. நான் ஏன் தரணும்?" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். ராஜவேல் என்னைப் பார்த்தான். நான் குழியின் கொடியைச் சரியாக நட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பந்து இப்போது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

பந்து முக்கியமா என்று கிளப்பில் இளைஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். வேகமாக வீசுகிறவனுக்கு ஒரு பந்து பத்தடி கூடப் போகலாம், இன்னொன்று மணலில் சீக்கிரம் நிற்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குத் தூரத்தில் வித்தியாசம் மிகக் குறைவு; இதை நான் பிறகு மைதானத்தில் அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குட்டையைத் தாண்டவைத்தது மஞ்சள் பந்து அல்ல, அவள் தாண்டினாள். நான் வாங்கிக் கொடுத்த பந்து அவளுக்கு வலித்தது. ராஜவேல் கொண்டுவந்தது வலிக்கவில்லை. பந்து வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், அடிக்கிறவரின் கையைப் பார்த்து வாங்கச் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. தூர் வாரியபோது உத்திராபதி பொக்லைன்காரனிடம் தனியாகப் பேசி, கரையில் மண்ணைக் கொட்டி, மனைவிக்காகக் குட்டையைக் குறுக்கிவிட்டார் என்று சபாபதி சொல்லிவருகிறார். கடலூரிலும் அப்படித்தான் பேசுகிறார்களாம். மண் கொட்டப்படவில்லை. இரண்டு கரையிலும் வெட்டி எடுக்கப்பட்டது. குட்டை முன்பு இருந்ததைவிட இப்போது அகலம்.